முழங்காலுக்கும் ஒரு சரித்திரம்

அரசர்களுக்குச் சரித்திரம் உண்டு, கோட்டைகளுக்கு உண்டு, கோயில்களுக்கு உண்டு. முழங்காலுக்கு ஏது சரித்திரம் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேலூர்க் கோட்டையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தக் கோட்டையைப் பார்க்கப் போன இடத்தில் படியில் சறுக்கி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட மனிதனைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. அந்த நிமிஷத்தில் அவனுக்கு 1806-ம் வருஷத்துச் சிப்பாய்க் கலகம் முக்கியமா, தன் முழங்கால் முக்கியமா?

நான் வைத்தியம் படித்தவன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் தோல் ஊர்களில் பல வருஷங்கள் குடியிருந்தவன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும், சற்று விலகியும் கிடக்கிற ஊர்கள் அவை. 2019-ல் சர்க்கார் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்து, ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் தனி ஜில்லாக்கள் ஆக்கிவிட்டது. ஜில்லா பிரிந்ததே தவிர, தோல் வாசனை பிரியவில்லை.

தோல் வேலையில் முழங்காலுக்கு என்ன ஆபத்து என்று நினைக்கலாம். ஒரு டேனரிக்குள் நுழைந்து பார்த்தால் தெரியும். தரையெல்லாம் தண்ணீர், தண்ணீரில் சுண்ணாம்பு, சுண்ணாம்பின் மேல் தோலிலிருந்து சுரண்டி எடுத்த கொழுப்பு. அந்தத் தரையில், நனைந்து கனத்துப்போன தோல்களைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். கால் சறுக்கினால் கையில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. 1970-களில் அரைப் பதத் தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பச் சர்க்கார் கட்டுப்பாடு போட்டபின், ஷூ தைக்கும் கம்பெனிகள் இந்த ஊர்களில் பெருகின. ஷூவின் மேல்பாகத்தை 'அப்பர்' என்பார்கள். அதைக் கையால் தைக்கும் வேலை வீடு வீடாகப் பெண்களிடம் வந்தது. ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை, முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். டேனரியில் முழங்கால் ஒரு நொடியில் கெடுகிறது என்றால், இங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.

பகவான் நம் உடம்பைப் படைத்தபோது முழங்கால் விஷயத்தில் கொஞ்சம் சிக்கனம் பிடித்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இடுப்பு மூட்டைப் பாருங்கள். கிண்ணத்துக்குள் பந்து வைத்தாற்போல எலும்புக்குள் எலும்பு பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. முழங்காலிலோ ஒரு நீள எலும்பின் தலையில் இன்னொரு நீள எலும்பு சும்மா நிற்கிறது. நடுவில் பிறைச் சந்திரன் மாதிரி இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள். முன்னால் ஒரு சில்லு. இழுத்துப் பிடிக்க முக்கியமாக நான்கு ஜவ்வுகள். இவ்வளவுதான். நம் கனம் முழுவதும் அதன் மேல். பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது உடம்பு மட்டும் திரும்பினால் ஜவ்வு கிழியலாம், மெத்தை கிழியலாம், சில்லு இடம் பெயரலாம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே வீக்கம்தான்.

அடிபட்ட முழங்காலுக்கு வீட்டில் நடக்கிற வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துத் தடவுவார்கள். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார்கள். எலும்பு முறிந்ததோ என்று சந்தேகம் வந்தால் கருப்பு உளுந்து மாவும் முட்டையின் வெள்ளைக் கருவும். காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்குப் போகும் என்று, தெருக்கோடியிலிருந்து ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. தோல் பதனிடுகிறவனின் கிடங்கில் இருப்பதும் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதும் அநேகமாக ஒன்றுதான். தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்பு. பதப்படுத்த ஆவாரம் பட்டை. பட்டைச் சாற்றில் ஊறி வந்த தோலுக்கு நிறம் கொடுக்கக் கடுக்காய். கையுறைத் தோலை மெதுவாக்க முட்டையின் மஞ்சள் கருவையும், தோலுக்கு மெருகேற்ற வெள்ளைக் கருவையும் இந்தத் தொழிலில் வெகு காலம் உபயோகித்திருக்கிறார்கள். துவர்ப்புச் சரக்கு தோலை இறுக்குவதைத் தினம் கண்ணால் பார்க்கிறவன், தளர்ந்துபோன மூட்டையும் அது இறுக்கும் என்று நம்பியிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் செத்த தோல் வேறு. உயிருள்ள தோல் வேறு. சுண்ணாம்பு செத்த தோலில் மயிரைத்தான் நீக்கும். உயிருள்ள தோலைப் புண்ணாக்கிவிடும். அந்தப் புண் வழியாக என்னென்ன உள்ளே போகும் என்பது வேறு கதை.

பற்றுப் போட்டும் சரியாகவில்லை என்றால்? இங்கேதான் நம் சரித்திரம் ஆரம்பமாகிறது. ஆம்பூர்க்காரனுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒன்று வேலூருக்குப் போகிறது. மற்றொன்று புத்தூருக்குப் போகிறது.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது புத்தூர். இன்று அது ஆந்திர தேசம். ஆனால் 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டாகும் வரையில் புத்தூரும் வேலூரும் ஆம்பூரும் ஒரே வட ஆற்காடு ஜில்லா. ஆகவே ஆம்பூரில் விழுந்தவன் புத்தூருக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் போனது அந்நிய தேசத்துக்குப் போனதாகாது. சொந்த ஜில்லாவில் இன்னொரு மூலைக்குப் போனதுதான். பிற்பாடு அந்த ஊரின் பெயரே வைத்தியத்தின் பெயராகிவிட்டது. 'புத்தூர் கட்டு' என்ற பலகை தொங்காத பட்டணம் தமிழ்நாட்டில் இன்று அபூர்வம். பலகை மாட்டியவர்கள் எல்லாரும் புத்தூர்க்காரர்கள்தானா என்பது வேறு விஷயம்.

புத்தூருக்குப் பக்கத்தில் ராஜுக்கள் வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பம் இதை ஆரம்பித்தது. கேசவ ராஜு என்பவர் வேட்டைக்குப் போனாராம். ஒரு முயலின் காலை முறித்துப் பிடித்தார். ஏதோ பச்சிலைகளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டை அவிழ்த்ததும் முயல் எழுந்து ஓடிவிட்டதாம். அந்த இலைகளைத் தேடிக் கண்டுபிடித்ததுதான் வைத்தியத்தின் ஆரம்பம் என்பார்கள். 1881-ம் வருஷம் என்று சொல்வது வழக்கம். முறைக்குத் தேவையானவை மூலிகைப் பற்று, முட்டையின் வெள்ளைக் கரு, துணி, மூங்கில் பத்தை. இவற்றுடன் தலைமுறை தலைமுறையாக எலும்பைத் தொட்டுத் தொட்டுத் தேர்ந்த விரல்கள்.

முயல் கதையை நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பதற்கு முன் இன்னொரு கதையும் கேளுங்கள்.

இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டில் ஆங்கிள்சி என்று ஒரு தீவு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அதன் கரையோரம் ஒரு கப்பல் உடைந்தது. ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். அவன் பேசிய பாஷை ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் பறவைக்கும் ஆட்டுக்கும் கால் முறிந்தால் சேர்த்துக் கட்ட அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கு ஈவன் தாமஸ் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். அவன் வம்சமே எலும்பு கட்டும் வம்சமாயிற்று. இங்கே முயல், அங்கே கப்பல். மனித ஜாதி எங்கும் ஒன்றுதான்!

அந்த வம்சத்தில் வந்த இன்னொரு ஈவன் தாமஸ் லிவர்பூல் நகரத்துக்குக் குடிபெயர்ந்து தொழில் நடத்தினார். பட்டம் பெற்ற டாக்டர்கள் அவரைப் பலமுறை கோர்ட்டுக்கு இழுத்தார்கள். மனிதர் சலித்துப்போய், "நம் பிள்ளைகளாவது இந்த அவமானம் படக்கூடாது" என்று ஐந்து பிள்ளைகளையும் டாக்டருக்குப் படிக்கவைத்துவிட்டார். அவர்களில் மூத்தவர்தான் ஹ்யூ ஓவன் தாமஸ். 1834-ல் பிறந்து 1891-ல் காலமான இவரை இங்கிலாந்தின் எலும்பு வைத்திய சாஸ்திரத்துக்குத் தகப்பன் என்றே சொல்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி உத்தியோகம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டிலேயே பட்டறை வைத்தார். இரும்பு அடிக்க ஒரு கொல்லர், தோல் தைக்க ஒரு தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம்.

அவர் முழங்கால் நோய்க்காகச் செய்த கருவிதான் 'தாமஸ் ஸ்ப்ளிண்ட்'. தொடையின் அடியைச் சுற்றித் தோல் உறை போட்ட ஒரு வளையம். அதிலிருந்து காலின் இரு பக்கமும் இறங்கும் இரும்புக் கம்பி. பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை. 1875-ல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் நோய்கள் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் அது வந்தது. பல வருஷங்கள் சீந்துவாரில்லை. பிறகு 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. தொடை எலும்பு உடைந்த சிப்பாய்கள் வழியிலேயே மடிந்துகொண்டிருந்தார்கள். தாமஸின் சீடரும் அவர் மனைவி வழியில் மருமானுமான ராபர்ட் ஜோன்ஸ் அந்தக் கருவியைப் போர்முனைக்குக் கொண்டு போனார். நூற்றுக்கு 80 பேர் செத்த இடத்தில் 20 பேருக்கும் குறைவாயிற்று என்று ராணுவ வைத்தியப் புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும். அந்த 80 மிகைக் கணக்கு என்று பிற்காலச் சரித்திரக்காரர்கள் சிலர் தகராறு செய்கிறார்கள். எப்படியும் பிழைத்தவர்கள் அநேகம் பேர். கோர்ட்டுக்கு இழுக்கப்பட்ட நாட்டு வைத்தியரின் மகன் செய்த கருவி அது.

தாமஸின் மந்திரம் ஓய்வு. அரைகுறை ஓய்வல்ல, அசையவிடாத, இடைவிடாத, நெடுநாள் ஓய்வு. இதற்கு நேர் விரோதமான மந்திரம் அதே காலத்தில் லண்டனில் ஒலித்தது. ஹட்டன் என்று ஒரு நாட்டு வைத்தியர். டாக்டர்கள் மாதக்கணக்கில் கட்டிப்போட்டு விறைத்துப்போன மூட்டுகளை ஒரு திருப்புத் திருப்பி நடக்கவைத்துவிடுவார். ஹூட் என்ற டாக்டர் அவருடைய நோயைக் காசு வாங்காமல் பார்த்தார். அந்த நன்றிக்காக ஹட்டன் தம் ரகசியத்தை டாக்டரின் மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். மகன் அதை 1871-ல் ஊரறியப் பிரசுரித்துவிட்டார். அதற்கு முன்பே, 1867-ல், ஜேம்ஸ் பேஜட் என்னும் பெரிய ரண வைத்தியர் எலும்பு கட்டுகிறவர்கள் குணப்படுத்தும் நோய்களைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்திருந்தார். அவர்களிடம் உள்ள நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள், கெட்டதை ஒதுக்குங்கள் என்பது சாராம்சம்.

அசையாதே என்றது ஒரு கட்சி. அசை என்றது மற்றொன்று. முழங்காலின் சரித்திரம் முழுவதும் இந்தச் சண்டைதான். இதில் டாக்டர் ஒரு பக்கம், நாட்டு வைத்தியர் ஒரு பக்கம் என்று நினைத்தால் தவறு. இரண்டு கட்சியிலும் இருவரும் இருந்தார்கள். 1895-ல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்கும் வரையில் இருவருக்கும் தோலுக்குள்ளே ஒன்றும் தெரியாது. விரல்தான் கண்.

கட்டுகிற சரக்கிலும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. நெப்போலியனுடைய படையின் தலைமை ரண வைத்தியர் லாரே, துணியை முட்டையின் வெள்ளைக் கருவில் நனைத்துக் கட்டினார். கூடவே கற்பூரச் சாராயமும் ஈயச் சத்தும் சேர்த்தார். 1830-களில் பெல்ஜியத்தில் கஞ்சிப் பசை போட்டுக் கட்டினார்கள். 1852-ல் மத்தைசன் என்ற டச்சு ராணுவ டாக்டர் ஜிப்சம் மாவு தடவிய துணியை நனைத்துக் கட்டும் முறையைப் பிரசுரித்தார். நாம் இன்றும் 'மாவுக்கட்டு' என்றுதான் சொல்கிறோம். முட்டையானாலும் மாவானாலும் காரியம் ஒன்றே: காய்ந்து இறுகி, எலும்பை அசையாமல் வைத்திருப்பது.

ஆபத்தும் ஒன்றேதான். புத்தூர்க் கட்டு ஆரம்பமானதாகச் சொல்லப்படும் அதே 1881-ல், ஜெர்மனியில் ஃபோல்க்மான் என்ற ரண வைத்தியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டு அளவுக்கு மீறி இறுகினால் ரத்தம் போகாமல் சதை செத்து, கை கால் நிரந்தரமாக முடங்கிப்போகும் என்று அவர் எச்சரித்தார். அவர் கண்டது நம் ஊர் மூங்கில் பத்தையால் வந்த விபரீதமல்ல; படித்த டாக்டர்கள் போட்ட கட்டால் வந்தது. சுச்ருதர் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். தளர்வாகக் கட்டினால் மூட்டு நிலைக்காது. இறுக்கிக் கட்டினால் வீங்கி, வலித்து, சீழ் பிடிக்கும். நடுத்தரமாகக் கட்டு என்பது அவர் கட்டளை. குளிர் காலத்தில் ஏழு நாளைக்கு ஒரு முறையும், வெயில் காலத்தில் மூன்று நாளைக்கு ஒரு முறையும் அவிழ்த்து மாற்றச் சொன்னார். வேலூர் வெயிலுக்கு எது பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலூர் வழிக்கு இப்போது வருவோம். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் ஆரம்பித்தார். அதுதான் இன்று உலகம் அறிந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி. எனக்கு அவர் செய்ததில் மிகவும் பிடித்தது கட்டடங்கள் அல்ல. குடியாத்தம் ரோட்டில் வாரம் ஒரு முறை வண்டியில் போய், மரத்தடிகளில் நின்று நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தாரே, அதுதான். கால் நடக்க முடியாதவன் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவான்? ஆஸ்பத்திரிதான் அவனிடம் போக வேண்டும். முதலுதவி என்பதன் தத்துவமே இதுதான்.

அதே ஆஸ்பத்திரிக்கு 1946-ல் பால் பிராண்ட் வந்தார். கொல்லிமலையில் பிறந்த இங்கிலீஷ்காரர். எலும்பு ரண வைத்தியர். குஷ்ட நோயாளிகளின் விரல்கள் வியாதியால் அழுகி விழுவதாகவே உலகம் நம்பியிருந்தது. அவர் பார்த்தார். விரலை அழிப்பது வியாதி நேராக அல்ல, வலி தெரியாமை. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது. காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. புண்ணோடு நடந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே வேலூரிலும், 1955-ல் பக்கத்துக் கரிகிரியில் ஏற்பட்ட குஷ்டரோக ஆஸ்பத்திரியிலும் அறுவைச் சிகிச்சையோடு கூட மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பும் ஒரு மருந்தாயிற்று. பிராண்ட் பிற்காலத்தில் வலியை ஒரு வரம் என்றே எழுதினார். தைலத்தைத் தேய்த்து, மாத்திரையைப் போட்டு, வலியை மறக்கடித்துவிட்டு மறுநாளே டேனரிக்குப் போகிற முழங்காலுக்கும் அந்தப் பாடம் பொருந்தும். வலி தடுக்கிறபோது நிற்காதவன், வலியே இல்லாதவன் படும் பாட்டைப் படுவான்.

ஆம்பூரில் எங்கள் தெருவில் அப்பர் தைக்கும் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒருநாள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பாதம் ஊன்றியபடி இருக்க, உடம்பு திரும்பிவிட்டது. முழங்காலில் 'டப்'பென்று சத்தம் கேட்டதாம். ஒரு மணி நேரத்துக்குள் முழங்கால் உரித்த தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. மாமியார் சுண்ணாம்பு குழைத்தாள். தம்பி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து அழுத்தி நீவினான். சாயங்காலம் யாரோ ஒருவர் வந்து பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். ராத்திரி என்னைக் கூப்பிட்டார்கள். அவசரத்துக்கு ஆட்டோ பிடிக்கத்தான் கூப்பிட்டார்கள்.

"விரலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுண்ணே. அப்புறம் ஒண்ணுமே தெரியல" என்றாள். விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். கால் விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. தொட்டால் ஜில்லென்று இருந்தன.

"கட்டை அவிழ்த்துவிடலாம்" என்றேன்.

"அதெப்படி தம்பி? மூணு நாளைக்குத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரே!" என்றாள் மாமியார்.

"விரல் போனப்புறம் மூணாம் நாள் எதை அவிழ்க்கிறதும்மா?"

அவள் மருமகள் முகத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானே கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அப்பர் நூலை வெட்டும் கத்தரிக்கோல்தான். கட்டுத் தளர்ந்த கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு நிறம் திரும்பியது. அப்படியே தலையணையில் காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். எலும்பு முறியவில்லை, ஜவ்வு கிழிந்திருந்தது. சில வாரங்கள் தாங்கு கட்டு. பிறகு தினமும் காலை மடக்கி நீட்டும் பயிற்சி. மறுபடி தரையில் உட்கார்ந்து தைக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் கூலி இல்லை. ரொட்டிக்கடைக் கணக்கு ஏறியதும், பெண்ணின் கம்மல் அடகுக்குப் போனதும் தெருவுக்கே தெரியும்.

'தரையில் உட்கார' என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். நாற்காலியில் பிறந்து நாற்காலியில் வளரும் தேசத்தாருக்கு விறைத்த முழங்கால் ஒரு சங்கடம். தரையில் உட்காரும் ஜனங்களுக்கு அது பிழைப்பு. 1918-ல் டோக்கியோவில் கென்ஜி டகாகி என்ற டாக்டர், மூத்திரப்பையைப் பார்க்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். மூட்டுக்குள் கண்ணை நுழைத்துப் பார்க்கும் இன்றைய சிகிச்சைக்கு அது ஒரு தொடக்கம். காசநோயால் முழங்கால் விறைத்துப்போன ஜப்பானியன் தன் வீட்டுப் பாயில் மண்டியிட்டு உட்கார முடியாமல் தவித்ததுதான் அவரை அந்த முயற்சிக்குத் தூண்டியது. பாயில் உட்காரும் இன்னொரு ஜாதியான நமக்கு அந்தத் தவிப்பு நன்றாகவே புரியும்.

அசையாதே, அசை என்ற பழைய சண்டை இப்போது எப்படித் தீர்ந்திருக்கிறது? இரண்டு கட்சிக்கும் வெற்றிதான். காலம் மட்டும் வேறு. முதல் இரண்டு மூன்று நாள் தாமஸின் ராஜ்யம். அதன் பிறகு மெல்ல மெல்ல ஹட்டனின் ராஜ்யம். தலைகீழாக்கினால் கெடுதல். முதல் நாளே சூடு வைத்து நீவினால் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். மாதக்கணக்கில் கட்டியே வைத்தால் தொடைச் சதை வற்றி மூட்டு விறைக்கும்.

ஐஸ் விஷயத்திலும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842 வாக்கில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அது துரைமார் கோப்பைக்கு எட்டியதே தவிர, ஆம்பூர் முழங்காலுக்கு எட்டவில்லை. நம் வீடுகளில் பானைத் தண்ணீரில் நனைத்த துணிதான். 1978-ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர் ஓய்வு, ஐஸ், கட்டு, உயரம் என்று நான்கு விதி சொன்னார். உலகமே ஐஸ் வைக்க ஆரம்பித்தது. பிற்பாடு 2014-ல், ஐஸ் அதிகமானால் குணமாவது தாமதப்படலாம் என்று அவரே எழுதினார். ஆகவே வலி தணியக் கொஞ்ச நேரம், துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்தால் போதும். பானைத் துணியும் தாழ்ந்ததல்ல.

கடைசியாக, வீட்டு வைத்தியம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல். 1995-ல் கனடாவின் ஆட்டவா நகரத்து டாக்டர்கள், அடிபட்ட முழங்காலை எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று தீர்மானிக்க ஒரு விதி வகுத்தார்கள். நம் பாட்டிகளும் சொல்லக்கூடிய விதி. நொண்டியாவது நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? முழங்காலைச் செங்கோணத்துக்கு மடக்க முடிகிறதா? சில்லைத் தொட்டால் அங்கேயே வலிக்கிறதா? முழங்காலின் வெளிப்புறம், சற்றுக் கீழே இருக்கும் எலும்பு முனையைத் தொட்டால் வலிக்கிறதா? வயது 55 அல்லது அதற்கு மேல் ஆகிவிட்டதா? இவற்றில் ஒன்று விபரீதமாக இருந்தாலும் எக்ஸ்ரே வேண்டும்.

இந்த விதி எலும்பு முறிவைத்தான் சொல்லும், ஜவ்வைச் சொல்லாது. அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. அடிபட்ட ஓரிரு மணிக்குள் முழங்கால் பெரிதாக வீங்கினால் உள்ளே ரத்தம் என்று அர்த்தம். மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலும், நடக்கும்போது மடங்கி விட்டாலும், காய்ச்சலோடு சிவந்து சுட்டாலும் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. உருவம் கோணியிருந்தாலும், பாதம் ஜில்லிட்டு வெளுத்தாலும் அந்த நிமிஷமே புறப்பட வேண்டும். சில்லு நகர்ந்திருந்தால் வீட்டில் யாரும் தள்ளிப் பார்க்க வேண்டாம். இருந்த நிலையிலேயே பக்கத்தில் தலையணை வைத்துக் கட்டி அழைத்துப் போங்கள். தோல் கிழிந்திருந்தால் பற்று வேண்டாம், சாணம் கூடவே கூடாது. சுத்தமான தண்ணீர், சுத்தமான துணி, பிறகு டெட்டனஸ் ஊசி.

இவை ஒன்றும் இல்லாத சாதாரண அடி என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். காலை உயர்த்தி வைத்து, கிரேப் பாண்டேஜைக் கட்டின் கீழ் ஒரு விரல் நுழையும்படி சுற்றி, மணிக்கொரு முறை கால் விரலைத் தொட்டுப் பாருங்கள். நிறமும் சூடும் உணர்ச்சியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புத்தூரானாலும் வேலூரானாலும் கட்டியவர் யாரானாலும், விரல் மரத்தால் கட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தியதோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று நாள் கெடு வைத்தவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எங்கள் தெருப் பெண்ணின் மாமியார் இப்போது சுண்ணாம்பு டப்பாவை வெற்றிலைக்கு மட்டும்தான் திறக்கிறாள். தெருவில் யார் விழுந்தாலும் முதலில் ஓடிப்போய், "நாலு அடி வை பார்க்கலாம்" என்கிறாள்.